மாரிக் கூதலுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போய் இருப்பது?

கல்லடிப்பிள்ளை | மார்கழி 2, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தில் மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கொக்குவிலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். வந்த நேரம் நல்லூர்த் திருவிழா. ஊரெல்லாம் சனம், வெயில், கச்சான் கடை. தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை. ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது.

அறைக்குச் சீற் கூரை. ஜன்னல் வடகிழக்கைப் பார்த்தது. வாடைக்காற்று இடுக்கு வழியாக வந்து நேரே கட்டிலில் படுக்கும். தோய்த்துப் போட்ட துவாய் மூன்று நாளாகியும் காயவில்லை, தலையணையில்கூட ஈர மணம். வேலை விட்டு வர ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடையில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மழைக்குள்ளால் வந்து அவிழ்த்தால் சோறு ஆறி, குழம்பு உறைந்து கிடக்கும். அறையில் சமைக்க வீட்டுக்காரர் விடமாட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு மின்சாரக் கேத்தில் மட்டும்.

எங்கள் ஊரிலும் மாரி உண்டு, மழை உண்டு. ஆனால் அங்கே அம்மாவின் அடுப்படி இருந்தது. எனக்கு வேண்டியது இரண்டு. சூடாகச் சாப்பிட ஏதாவது. சாப்பிட்டு முடித்த பிறகும் யாரும் எழுப்பாமல் ஒரு மணித்தியாலம் இருக்க ஒரு சூடான இடம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டாதெருவான் | மார்கழி 2, இரவு 9.15

தேத்தண்ணிக்கடைதான். பஸ் நிலையத்தைச் சுற்றி நிறைய இருக்கின்றன. மாலை நாலரைக்குப் போனால் எண்ணெய்ச்சட்டியிலிருந்து வாய்ப்பனும் உழுந்து வடையும் அப்போதுதான் இறங்கும். ஒரு வெறுந்தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. சீனி போட்டுக் குடிப்பதை விட இது நல்லது. பனங்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு சுடச்சுட ஒரு மிடறு இழுத்தால் நெஞ்சுவரைக்கும் சூடு இறங்குவது தெரியும். அடுப்புக்குப் பக்கத்து மேசையைப் பிடியுங்கள்.

இணுவில்காரி | மார்கழி 2, இரவு 9.50

தட்டாதெருவான் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேட்டிருப்பது ஒரு பெண்பிள்ளை. மழை நாளில், மாலை ஆறு மணிக்கு, அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண் தனியாக ஒரு மணித்தியாலம் இருந்ததை நீங்கள் எத்தனை தரம் கண்டிருக்கிறீர்கள்? யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கடையில் கதை நின்றுவிடும், பத்துக் கண் திரும்பும். குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுவோம்.

யாழ்ப்பாணத்தில் மாரிக்கு ஆண்களுக்கு இடம் இருக்கிறது. தேத்தண்ணிக்கடை, சலூன் வாங்கு, சந்தியில் மூடிய கடை விறாந்தை, தவறணை என்கிற கள்ளுக்கடை. எங்களுக்கு இருந்த ஒரே சூடான இடம் அடுப்படி. அதுவும் இல்லாமல் வாடகை அறையில் இருக்கிற பிள்ளை எங்கே போகும்? எனக்கு இந்தக் கேள்வி மனதைத் தொட்டுவிட்டது. நானும் 5 வருடம் அறையில் இருந்தவள்.

தங்கச்சி, நான் போய் இருந்த இடங்களைச் சொல்கிறேன். சைவக்கடைகளில் பெண்கள் தயங்காமல் இருக்கலாம். பெரியகடை என்கிற கடைவீதிப் பகுதியில் இருக்கும் மலாயன் கபேக்குப் போங்கள். பழைய மாபிள் மேசை, வாழையிலை, மாலையில் தோசை. சாம்பார் வாளியோடு வந்து இன்னும் வேண்டுமா என்று கேட்பார்கள். சனிக்கிழமைகளில் பொது நூலகம். அங்கே சூடு என்று ஒன்றும் இல்லை. ஆனால் காற்று அடிக்காது, ஈரம் இல்லை, பக்கத்தில் பத்துப் பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு கதகதப்புத்தான்.

உரும்பிராய்–ஸ்காபரோ | மார்கழி 3, காலை 7.05

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வெளியில் பூச்சியத்துக்குக் கீழே 9 பாகை. யாழ்ப்பாணத்தில் இந்த மாதம் இரவில் எவ்வளவு இறங்கும்? 22, 23 பாகை? அதற்குக் கூதல் என்று சொல்வது எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. 30 வருடமாக ஊரை விட்டு இருப்பதால் மறந்துவிட்டேனோ தெரியாது. யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

பாடசாலைமணி | மார்கழி 3, மாலை 5.30

விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஸ்காபரோ அண்ணா, உங்கள் வீட்டுக்குள்ளே எத்தனை பாகை? 20, 21 இருக்கும். அதோடு சுவர் காற்றை விடாது, உடுப்பு காய்ந்தது, வெளியே போக மொத்தக் கோட்டு. எங்கள் வீட்டுக்குள்ளே எவ்வளவு? வெளியில் எவ்வளவோ அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வீடு வெக்கைக்கென்று கட்டிய வீடு. உயர்ந்த கூரை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி, முகட்டுக்குக் கீழே காற்று வாய்கள், வெறுஞ் சீமெந்து நிலம். சித்திரை வைகாசியில் அந்த வீடு சொர்க்கம். மார்கழியில் அதே வழிகளால் வாடை உள்ளே வரும். உடம்பிலும் உடுப்பிலும் இருக்கும் ஈரம் ஆவியாகப் போகும்போது உடம்புச் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது, காற்று அடித்தால் இன்னும் வேகமாக. வருடம் முழுக்க 30 பாகையில் பழகிய உடம்புக்கு, மெல்லிய பருத்திச் சட்டையோடு, நனைந்து நிற்கும்போது 22 பாகை போதும், பல்லுக் கிட்டும்.

இன்னொன்று. கூதல் என்ற எங்கள் சொல்லைப் பலர் பேச்சு வழக்கு என்று ஒதுக்குகிறார்கள். பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசி கார்த்திகைக்கு வைத்த பெயர் கூதிர். மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி. மழையும் காற்றும் சேர்ந்து தரும் குளிருக்கென்று தனியே ஒரு பருவமே வைத்திருந்தார்கள். எங்கள் ஆச்சிமார் கூதல் என்று சொல்லும்போது அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாணவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

தங்கச்சிக்கு ஒரு சின்ன விடயம். விடியற்காலையில் குளிக்கப் பயமாக இருந்தால் தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டு அப்போதே கிணற்றில் அள்ளிக் குளியுங்கள். மேல்தாங்கித் தண்ணீர் இரவெல்லாம் காற்றுக்குக் குளிர்ந்திருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே கிடக்கும் நிலத்தடி நீரின் சூடு வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. ஆகவே வெளிக்காற்றுக் குளிரும்போது கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரியும். மார்கழி விடியலில் வாளியிலிருந்து ஆவி எழும்புவதைக்கூடக் காணலாம்.

தட்டாதெருவான் | மார்கழி 3, மாலை 6.10

இணுவில்காரி சொன்னது எனக்கு உறைத்தது. 20 வருடமாக அந்த மேசையில் இருக்கிறேன், ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும் தங்கச்சி.

போறணைச்சூடு | மார்கழி 3, இரவு 10.20

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேக்கரி. இந்த இழையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாரியில் யாழ்ப்பாணத்தில் எது சூடான இடம் என்று கேட்டால் போறணைதான், பாண் சுடும் அடுப்பு. செங்கல்லால் கூடு மாதிரிக் கட்டியது. உள்ளே விறகை அடுக்கி எரிப்போம். எரிந்து தணலாகிச் சுவரெல்லாம் சூடு குடித்த பிறகு தணலையும் சாம்பலையும் இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் நிலத்தைத் துடைத்து, நீளமான மரத்துடுப்பால் பாணை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி வாயை மூடுவோம். அதற்குப் பிறகு நெருப்பு இல்லை, செங்கல் குடித்த சூட்டில்தான் பாண் வேகும். பாண் இறங்கிய பிறகும் மணிக்கணக்காகச் சுவர் சுடும். சின்ன வயதில் கார்த்திகை மார்கழியில் நானும் தம்பியும் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் ஈரக் காற்சட்டையையும் போறணையின் பின்சுவரில் சாத்திவிட்டு, நாங்களும் முதுகைச் சாத்திக்கொண்டு பாடம் படிப்போம். புளித்த மாவின் மணமும் விறகுப் புகையும் இன்றைக்கும் எனக்கு நித்திரையை வரவைக்கும்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் வாரம் பாசையூர், குருநகர் சனம் கேக் கலவையைத் தட்டில் ஊற்றிக்கொண்டு வருவார்கள், வீட்டில் போறணை இல்லைத்தானே. தட்டுக்குப் பெயர் எழுதிய கடதாசி ஒட்டியிருக்கும். மழைக்குள்ளே குடை தட்டுக்கு, ஆள் நனைந்துகொண்டு. கேக் வேகும்வரை எங்கள் பின்வாசலில் பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள். அம்மா வாங்கு எடுத்துப் போட்டு எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுப்பா. இப்போது பல வீட்டில் மின்சார அடுப்பு வந்துவிட்டது. பல பேக்கரிகளும் விறகை விட்டுவிட்டன. நாங்கள் விடவில்லை.

பிள்ளை, அறைக்குப் போகிற வழியில் விறகுப் போறணை உள்ள பேக்கரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பின்னேரப் பாண் இறங்கும் நேரம் பார்த்து ஒரு றாத்தல் வாங்குங்கள். றோஸ்பாண் என்றால் இன்னும் நல்லது, மேல் கீழ் இரண்டும் மொறுமொறுப்பு. கடதாசியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் போனால் வீடு வரைக்கும் சூடு. தொட்டுக்கொள்ள ஒரு சம்பல் போதும்.

ஹற்றன்தோட்டம் | மார்கழி 4, காலை 6.30

நான் மலையகத்துப் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டேன். நுவரெலியாப் பக்கம் தை மாதத்து இரவுகளில் கைவிரல் மரத்துப்போகும். அங்கேயிருந்து வந்த எனக்கும் யாழ்ப்பாணத்து மாரி முதல் வருடம் பிடிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்து லய வீட்டில் அடுப்பைச் சுற்றித்தான் வாழ்க்கை, கம்பளி இருக்கும், ஆளோடு ஆள் ஒட்டிப் படுப்போம். இங்கே விடுதிக் கட்டிலில் ஒரு போர்வையோடு தனியாகப் படுத்தபோதுதான் குளிர் என்ன என்று தெரிந்தது.

தேயிலை பறித்தவர்கள் வீட்டில் பிறந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கேத்தில் இருக்கிறது அல்லவா, அது போதும். தண்ணீரை ஒரே தரம் நன்றாகக் கொதிக்க விட்டு உடனே சாயத்தில் ஊற்றி மூடி வையுங்கள், திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த தண்ணீரில் தேத்தண்ணிக்குச் சுவை வராது. மூடும்போது நசுக்கிய வேர்க்கொம்பு (சுக்கு) ஒரு துண்டு. குடிக்காமல் முதலில் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருங்கள். எங்கள் ஆயா மலையிலிருந்து இறங்கி வந்ததும் அப்படித்தான் செய்வாங்க.

குருநகர்க்கரை | மார்கழி 4, மாலை 4.45

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவரும் கூழ் என்ற சொல்லை எடுக்கவில்லையே! மாரிக் கூதலுக்கு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழை மிஞ்ச ஒன்றும் இல்லை. காற்றடித்து வள்ளம் இறக்க முடியாத நாள்களில் எங்கள் பகுதியில் எங்கோ ஒரு முற்றத்தில் கூழ்ப்பானை ஏறும். ஒரு வீட்டுக்கென்று கூழ் காய்ச்ச முடியாது, பானை பெரிது, ஒழுங்கையே குடிக்கும்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் கரைத்து வைத்து, மா அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இரண்டு மூன்று தரம். அவசரப்பட்டால் கசக்கும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை. அவை அரைப்பதம் வெந்ததும் மீன்தலை, நண்டு, இறால், சின்ன மீன். நண்டின் சாறு இறங்காத கூழை நான் கூழ் என்று சொல்லமாட்டேன். பிறகு செத்தல் மிளகாய், உள்ளி, மஞ்சள் கூட்டி அரைத்தது, பழப்புளிக் கரைசல், கடைசியில் மா. மா விட்டபின் கை ஓயக்கூடாது, அடிப்பிடித்தால் முழுப்பானையும் போச்சு. இறக்கும்போது முருங்கையிலை.

குடிப்பது பிளாவில். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் சுடுகூழ் விழுந்ததும் ஓலை மணக்கும். இடையிடையே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. இரண்டாவது பிளாவில் நெற்றி வியர்க்கும், மூக்கு ஓடும், கண் கலங்கும். மழை கொட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்குக் கூதல் எங்கே போனது என்று தெரியாது.

இணுவில்காரி | மார்கழி 4, மாலை 5.20

பிள்ளையார் கதை விரதம் நடக்கிற 21 நாளும் எங்கள் பக்கத்தில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. ஆகவே மரக்கறிக் கூழ்தான். நண்டு இல்லாவிட்டால் கூழே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பயிற்றங்காயும் பூசணியும் நிறையப் போட்டு, மிளகு கொஞ்சம் கூட்டி அரைத்தால் அதுவும் வியர்க்க வைக்கும்.

குருநகர்க்கரை | மார்கழி 4, மாலை 5.40

உங்கள் விரதத்தை மதிக்கிறேன் அக்கா. நத்தார் முடிய எங்கள் முற்றத்துக்கு ஒருநாள் வாருங்கள், நண்டு போடமுதல் உங்களுக்கென்று ஒரு சட்டி தனியே எடுத்து வைக்கிறேன். தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.

நீத்துப்பெட்டி | மார்கழி 5, காலை 9.10

எனக்கு வயது 67. மகள் தட்டச்சுக் காட்டித் தந்ததால் மெதுவாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

இந்தப் பிள்ளை கேட்ட கேள்வியில் என் கண் நின்ற இடம், "யாரும் எழுப்பாமல் ஒரு மணித்தியாலம்" என்பது. எனக்கு அப்படி ஒரு இரவு தேவைப்பட்டது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி, வலிகாமம் முழுக்க ஒரே நாளில் ஊரை விட்டு வெளிக்கிட்டது. அன்று இரவு மழை. நானும் இவரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு சைக்கிளும். சின்னவனுக்கு 4 வயது. நாவற்குழிப் பாலம் தாண்டுகிற வழியில் சனம் அசையாமல் நின்றது, முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது. பிள்ளைகளை என் சேலைத் தலைப்பால் மூடியிருந்தேன், அந்தத் தலைப்பே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விடிந்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு தென்மராட்சியில் ஒரு ஒழுங்கையில் ஒதுங்கினோம். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரி படலையைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் நேரே அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனா. "பிள்ளையளை நெருப்புக்குக் கிட்ட இருத்துங்கோ" என்றா. எங்களுக்கு முதலே அங்கே ஐந்தாறு குடும்பம். அடுப்பில் கஞ்சி. அரிசி கொஞ்சம், தண்ணீர் நிறைய, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால். சின்னவன் சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு அடுப்புக் கல்லில் தலையைச் சாய்த்தபடி உறங்கிவிட்டான். அந்த அம்மாவுக்குச் சமைக்க இடைஞ்சல். ஆனாலும் அவனை எழுப்ப விடவில்லை. அவனைச் சுற்றி வந்துதான் விறகு தள்ளினா. அவவின் பெயரை நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, காலம் மாறி, காஸ் அடுப்பு வந்தது. அடுப்படி வெளிச்சமாயிற்று, புகை இல்லை, என் இருமலும் குறைந்தது. நல்லதுதான், விறகடுப்பைப் புகழ்ந்து நான் பொய் சொல்லமாட்டேன், புகையில் வெந்தவள் நான். ஆனால் சமையல் முடிந்ததும் காஸை நிறுத்தினால் அடுப்படியும் குளிர்ந்துவிடும். யாரும் அங்கே இருப்பதில்லை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன்.

2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்ததே, அப்போது கொல்லைப்புறத்துப் பழைய அடுப்பைத் திரும்பப் பூசி மெழுகினேன். பனம் மட்டை, கொக்கறை, ஊமல் எல்லாம் பொறுக்கி வைத்தோம். கிழங்கு எடுத்த பாத்தியில் கிடக்கும் ஊமலை, அதுதான் முளைத்த பனங்கொட்டையின் கோதை, காயவைத்து அடுப்பில் போட்டால் தணல் நெடுநேரம் நிற்கும். அந்த மாரியில் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் படிப்புக் கொப்பியோடு அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. தட்டுப்பாடு தீர்ந்து காஸ் வந்தது, ஆனால் பின்னடுப்பை நான் இன்னும் இடிக்கவில்லை. மார்கழி முழுக்க மாலைப் புட்டு அதில்தான்.

நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா பிள்ளை? மட்டக்களப்பில் எப்படி என்று எனக்குத் தெரியாது. பனையோலையில் கூம்பு மாதிரி இழைத்த பெட்டி. பானை வாயில் பொருத்தி, குழைத்துக் கொத்திய மாவையும் தேங்காய்ப்பூவையும் கையால் தூவி விடவேண்டும், அமத்தக்கூடாது. முதலில் ஓரத்தால் மட்டும் ஆவி வரும். பிறகு மாவின் நடுவில் ஒரு சின்னப் புள்ளியால் ஆவி கிளம்பும். அதைக் கண்டதும் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்கவேண்டும். பெட்டியைத் தட்டில் கவிழ்த்துத் தட்டினால் கூம்பு முழுதாக இறங்கும், உச்சியால் ஆவி போய்க்கொண்டே இருக்கும். சூட்டோடு உடைத்து ரசம் ஊற்றிச் சாப்பிடுங்கள். மல்லி, மிளகு, நற்சீரகம், செத்தல், உள்ளி எல்லாம் அம்மியில் தட்டிப் போட்ட ரசம். தடிமன் வருவதற்கு முதல்நாள் மாலை தொண்டை கரகரக்குமே, அந்த நேரம் குடிக்கவேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கொக்குவில் என்கிறீர்கள், நானும் கொக்குவில். முன்பின் தெரியாத வீட்டுக்கு வா என்றால் வரத் தயங்குவீர்கள், தயங்கத்தான் வேண்டும். இன்னும் மூன்று நாளில் பிள்ளையார் கதை முடிந்து திருவெம்பாவை தொடங்குகிறது. பத்து நாளும் விடிய எங்கள் ஒழுங்கைக் கோவில் மடத்தில் அவலும் கடலையும் புக்கையும் செய்து சனத்துக்குக் கொடுப்போம். தேங்காய் துருவவும் கடலை தாளிக்கவும் ஆள் போதாது. நாலரைக்கு வந்தால் அடுப்புக்கு முன்னால் உங்களுக்கு ஒரு பலகை கிடைக்கும். இணுவில்காரி மகளுக்கு எங்கள் கோவில் தெரிந்திருக்கும், அவவோடு சேர்ந்து வாருங்கள்.

இணுவில்காரி | மார்கழி 5, காலை 9.55

அம்மா, எனக்குத் தெரியும் அந்தக் கோவில். என் சித்தி வீட்டு ஒழுங்கை. முதல் நாளே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உரும்பிராய்–ஸ்காபரோ | மார்கழி 6, காலை 6.50

அம்மாவின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், பாதியில் வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். நாங்களும் அந்தப் பாலத்தில் நின்றவர்கள்.

மணி மாஸ்டர், உங்கள் விளக்கத்துக்கு நன்றி. போன தை அக்கா வீட்டில் நின்றபோது விடியப்புறம் போர்வை கேட்டேன், எல்லோரும் அதிசயப்பட்டார்கள். கனடாக்காரனுக்குக் குளிருமா என்றார்கள். குளிர்ந்ததுதான். இங்கே வீட்டுக்குள்ளே சூடு குழாயால் வருகிறது, பொத்தானைத் திருப்பினால் போதும். அதற்காக நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்தச் சூட்டைச் சுற்றி யாரும் வந்து இருப்பதில்லை. இந்த இழையை வாசித்த பிறகு நேற்று நிலவறையில் ஒரு பெரிய பானை எடுத்து, கிடைத்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினோம். பக்கத்து இரண்டு வீட்டுக்காரரும் வந்தார்கள். பிளா இல்லை, கோப்பியிற்குக் கொடுக்கும் காகிதக் குவளையில்தான். குருநகர்க்கரை தம்பி, மாவை இரண்டு தரம்தான் கழுவினேன், கொஞ்சம் கசந்தது.

குருநகர்க்கரை | மார்கழி 6, காலை 8.00

மூன்றாவது தரமும் கழுவுங்கள் அண்ணா.

பாடசாலைமணி | மார்கழி 7, மாலை 5.15

இன்றைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் முதல் பனங்கிழங்கு கண்டேன். மெல்லிய கிழங்குதான், தைக்குள் இன்னும் தடித்து வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்து, பச்சைமிளகாய் உள்ளி மிளகு தேங்காய்ப்பூ சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடித்தோம். சூட்டோடு சாப்பிட்டால் உறைப்பும் சூடும் ஒன்றாக ஏறும். மடத்துக்கு ஒரு கட்டுக் கிழங்கு நான் தருகிறேன் அம்மா.

கல்லடிப்பிள்ளை | மார்கழி 9, காலை 7.30

இப்போதுதான் அறைக்கு வந்தேன். உடுப்பெல்லாம் புகை மணம், மாற்ற மனம் வரவில்லை.

மூன்றரைக்குச் சங்குச் சத்தம் கேட்டு எழும்பினேன். தூறல். திருவெம்பாவை பாடிக்கொண்டு சேமக்கலத்தோடு ஒரு கூட்டம் ஒழுங்கையால் போனது. பத்துப் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகள், தலையில் துவாய் கட்டிய இரண்டு தாத்தாக்கள். மாஸ்டர் சொன்னபடி கிணற்றில் அள்ளிக் குளித்தேன். உண்மைதான், தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. இவ்வளவு நாளும் தாங்கித் தண்ணீரில் நடுங்கியிருக்கிறேன்.

இணுவில்காரி அக்கா படலையில் நின்றா. மடத்தில் மூன்று பெரிய அடுப்பு. நீத்துப்பெட்டி அம்மா என்னைக் கண்டதும் பெயர் கேட்டா, பிறகு என் அம்மாவின் பெயர் கேட்டா, பிறகு பலகையைத் தள்ளிவிட்டு ஒரு திருவலையைத் தந்தா. 14 தேங்காய் துருவினேன். முதுகு வாடைக்குக் குளிர்ந்தது, முகமும் முழங்காலும் அடுப்புக்குச் சுட்டது. பனம் மட்டை எரியும்போது படபடவென்று ஒரு சத்தம் வரும், எனக்கு அது புதிது. பக்கத்திலிருந்த ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துப் பார்த்து, ஐஸ் மாதிரிக் கிடக்கு என்று சொல்லித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டா.

பூசை முடிந்து கடலை கொடுத்து, மல்லிக் கோப்பி குடித்து, சட்டி எல்லாம் கழுவி முடிய ஆறேகால். அதற்குப் பிறகும் தணல் இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா தென்மராட்சிக் கதையை இன்னொரு தரம் சொன்னா, இந்த முறை முழுதாக. மட்டக்களப்பில் புட்டு எப்படி என்று கேட்டா. மூங்கில் குழலில் அவிப்போம் என்றேன். அடுத்த முறை ஊருக்குப் போனால் ஒன்று கொண்டுவரச் சொன்னா.

நான் நேரம் பார்க்கவில்லை. அக்காதான் வேலைக்கு நேரமாகுது என்று எழுப்பினா.

நீத்துப்பெட்டி | மார்கழி 9, காலை 10.20

நாளைக்கு வடையும் இருக்கு பிள்ளை, உழுந்து இரவே நனையப் போட்டுவிடுவேன். சனம் கூடும். திருவலை இரண்டுதான் இருக்கிறது, யாரிடமாவது இன்னொன்று இருந்தால் கொண்டுவாருங்கள். சால்வையும் கொண்டுவாருங்கள், முதுகுப் பக்கம் காற்று.

போறணைச்சூடு | மார்கழி 9, காலை 10.45

திருவலை எங்கள் வீட்டில் இருக்கிறது, தம்பி கொண்டுவந்து தருவான். மடத்துக்கு விடிய எத்தனை றாத்தல் பாண் வேண்டும், சொல்லுங்கள் அம்மா.